டேட்டாபேஸ் டெவலப்பர் என்ன வேலை செய்வார்? என்னென்ன தெரிந்திருக்க வேண்டும்? முழு விவரம்

தீபாவளிக்கு முந்தைய நாள். சென்னையிலிருந்து நாகர்கோவில் செல்லும் பஸ்ஸில் ஒரே ஒரு சீட் தான் மிச்சம். தாம்பரத்தில் ஒருவர், அண்ணா நகரில் ஒருவர் என இரண்டு பேர் ஒரே நொடியில் 'பணம் செலுத்து' பட்டனை அழுத்துகிறார்கள். இருவருக்கும் டிக்கெட் உறுதியாகிவிட்டால் என்ன ஆகும்? பஸ் கிளம்பும் நேரத்தில் ஒரு சீட்டுக்கு இரண்டு பேர் சண்டை போடுவார்கள்.

அப்படி நடக்காமல் பார்த்துக்கொள்வது செல்போனில் தெரியும் ஆப் திரை கிடையாது. அதற்குப் பின்னால் இருக்கும் டேட்டாபேஸ். அந்த டேட்டாபேஸை வடிவமைத்து, அதற்குள் ஓடும் கோடை எழுதுபவர் தான் டேட்டாபேஸ் டெவலப்பர்.

வேலை விளம்பரங்களில் 'எஸ்.க்யூ.எல் டெவலப்பர்', 'பி.எல். எஸ்.க்யூ.எல் டெவலப்பர்' என்று வெவ்வேறு பெயர்களில் இந்த வேலை வரும். எஸ்.க்யூ.எல் மட்டும் படித்தால் போதும் என்று நினைத்து பலர் விண்ணப்பிக்கிறார்கள். ஆனால் கரன்ட் போனாலும், நெட் கட் ஆனாலும், ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் உள்ளே வந்தாலும் பதிவான தகவல் தப்பாகக் கூடாது. இந்த வேலையின் உண்மையான பொறுப்பு அது தான். அதற்கு அவர் தினமும் என்ன செய்கிறார், அதற்கு என்ன தெரிந்திருக்க வேண்டும் என்பதை இந்தத் தொகுப்பில் பார்க்கலாம்.

டேட்டாபேஸ் என்றால் என்ன?

சிம்பிளா சொன்னா, ஒழுங்குபடுத்தி வைக்கப்பட்ட தகவல் தொகுப்பு. மளிகைக் கடையின் கணக்கு நோட்டும் ஒரு வகையில் அது தான். ஆனால் ஒரு நோட்டில் ஒரே நேரத்தில் ஒருவர் தான் எழுத முடியும். லட்சம் பேர் ஒரே சமயத்தில் எழுதவும் படிக்கவும் செய்தால், அதைக் குழப்பம் இல்லாமல் நடத்த தனி மென்பொருள் வேண்டும்.

இப்போது நாம் அதிகம் பயன்படுத்தும் டேட்டாபேஸ்களுக்கு அடித்தளம் போட்டவர் எட்கர் காட். அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் ஐபிஎம் ஆய்வகத்தில் வேலை பார்த்த இவர், தகவல்களை வரிசைகளும் நெடுவரிசைகளும் கொண்ட டேபிள்களாக வைக்கலாம், அவற்றை ஒன்றோடொன்று இணைக்கலாம் என்ற கருத்தை 1970-ல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார். இதற்காக 1981-ல் கணினித் துறையின் உயரிய விருதான டூரிங் விருது அவருக்குக் கிடைத்தது. அந்த டேபிள்களிடம் கேள்வி கேட்பதற்கான மொழியை, அதே ஐபிஎம்மைச் சேர்ந்த டொனால்ட் சேம்பர்லின், ரேமண்ட் பாய்ஸ் ஆகியோர் 1974-ல் அறிமுகப்படுத்தினர். அது தான் இன்றைய எஸ்.க்யூ.எல்.

ஆரக்கிள், மைக்ரோசாஃப்ட் எஸ்.க்யூ.எல் சர்வர், மை எஸ்.க்யூ.எல், போஸ்ட்கிரெஸ் எல்லாமே இந்த வழியில் வந்தவை. உங்கள் கையில் இருக்கும் செல்போனுக்குள்ளும் எஸ்.க்யூ.லைட் என்ற சின்ன டேட்டாபேஸ் இருக்கிறது. ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டிலுமே உண்டு.

டெவலப்பர், அட்மினிஸ்ட்ரேட்டர், அனலிஸ்ட்: என்ன வித்தியாசம்?

இந்த இடத்தில் தான் பலருக்கும் குழப்பம் வருகிறது.

* டேட்டாபேஸ் டெவலப்பர்: டேபிள்களை வடிவமைப்பார். எந்தத் தகவல் எப்படி உள்ளே போக வேண்டும், எப்படி வெளியே வர வேண்டும் என்பதற்கான கோடு எழுதுவார்.
* டேட்டாபேஸ் அட்மினிஸ்ட்ரேட்டர், சுருக்கமாக டிபிஏ: ஓடிக்கொண்டிருக்கும் டேட்டாபேஸைப் பராமரிப்பார். பேக்கப், யாருக்கு என்ன அனுமதி, சர்வரில் இடம் இருக்கிறதா என்பதெல்லாம் இவர் பொறுப்பு.
* டேட்டா அனலிஸ்ட்: இருக்கும் தகவலை எடுத்து, விற்பனை ஏன் குறைந்தது என்பது போன்ற கேள்விகளுக்குப் பதில் தேடுவார்.
* டேட்டா இன்ஜினீயர்: பல இடங்களில் இருக்கும் தகவல்களைத் திரட்டி ஒரே இடத்துக்குக் கொண்டுவரும் பாதையை அமைப்பார்.

பெரிய நிறுவனங்களில் இவை தனித்தனி வேலைகள். சின்ன கம்பெனிகளில் முதல் இரண்டையும் ஒரே ஆள் பார்ப்பதும் உண்டு. அதனால் இன்டர்வியூவுக்குப் போகும் முன் விளம்பரத்தில் பதவியின் பெயரை மட்டும் பார்க்காமல், வேலை விவரத்தையும் முழுசாகப் படித்துவிடுங்கள்.

முதல் வேலை: கேள்வி கேட்பது, டேபிள் வடிவமைப்பது

மறுபடியும் பஸ் டிக்கெட் ஆப்பையே எடுத்துக்கொள்வோம். புதிதாக ஒரு ஆப் செய்ய வேண்டும் என்றால், டெவலப்பர் உடனே கம்ப்யூட்டரில் உட்கார மாட்டார். முதலில் கேள்வி கேட்பார்.

ஒரே டிக்கெட்டில் 4 பேர் போகலாமா? அதில் ஒருவர் மட்டும் கேன்சல் செய்ய முடியுமா? பஸ் மாற்றி விடப்பட்டால் பழைய சீட் எண் என்ன ஆகும்? குழந்தைக்குத் தனிக் கட்டணமா?

இந்தக் கேள்விகளுக்கு வரும் பதிலை வைத்துத் தான் டேபிள்கள் உருவாகும். பஸ்ஸுக்கு ஒன்று, பயணத்துக்கு ஒன்று, முன்பதிவுக்கு ஒன்று, பயணிக்கு ஒன்று எனத் தனித்தனியாகப் பிரிப்பார்கள்.

ஏன் பிரிக்க வேண்டும்? எல்லாவற்றையும் ஒரே டேபிளில் போட்டால், ஒரு பஸ்ஸில் 40 பேர் என்றால் 'இரவு 9 மணிக்குப் புறப்படும்' என்ற தகவல் 40 வரிசைகளில் இருக்கும். நேரம் 9.30 என்று மாறினால் 40 இடத்திலும் மாற்ற வேண்டும். 39 மாறி ஒன்று மாறாமல் போனால், அந்த ஒரு பயணி மட்டும் அரை மணி நேரம் முன்னாடியே வந்து ரோட்டில் நிற்பார். ஒரு தகவல் ஒரே இடத்தில் மட்டும் இருக்கும்படி பிரிக்கும் இந்த முறைக்கு 'நார்மலைசேஷன்' என்று பெயர்.

பிரித்த டேபிள்களை இணைப்பது 'கீ'. ஒவ்வொரு வரிசைக்கும் உள்ள தனி அடையாள எண் பிரைமரி கீ. அந்த எண்ணை இன்னொரு டேபிளில் குறிப்பிட்டால் அது ஃபாரின் கீ. ஃபாரின் கீ சரியாக இருந்தால், இல்லாத பஸ்ஸுக்கு டிக்கெட் போடவே முடியாது. டேட்டாபேஸே தடுத்துவிடும்.

முருகன் என்ற பெயருக்கு 20 இடம் போதாது

அடுத்தது, ஒவ்வொரு நெடுவரிசையிலும் என்ன வகைத் தகவல் வரும் என்று முடிவு செய்வது. சின்ன விஷயம் போலத் தெரியும். ஆனால் இங்கே செய்யும் தப்பு பல வருடம் கழித்துத் தான் வெளியே வரும்.

செல்போன் எண்: வழக்கமான 32 பிட் முழு எண் வகையில் வைக்கக்கூடிய அதிகபட்ச எண் 2,147,483,647. இந்தியாவில் செல்போன் எண்கள் 6, 7, 8, 9-ல் தொடங்கும் 10 இலக்க எண்கள். அதாவது நம் ஊர் செல்போன் எண் ஒன்று கூட அந்த வகைக்குள் அடங்காது. அதோடு, செல்போன் எண்ணை யாரும் கூட்டிக் கழிக்கப் போவதில்லை. அதனால் அதை எழுத்து வகையில் வைப்பது தான் சரி.

பணம்: தசம எண்களுக்கான 'ஃப்ளோட்' வகையில் பணத்தை வைக்கக் கூடாது. கம்ப்யூட்டர் அந்த வகையில் 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால் 0.3 என்று துல்லியமாக வராது. கடைசியில் ஒரு துளி அதிகமாக இருக்கும். லட்சக்கணக்கான பரிவர்த்தனைகளைக் கூட்டும்போது கணக்கு இடிக்கும். பணத்துக்கு 'டெசிமல்' வகை இருக்கிறது.

தேதி: 03/04 என்று எழுத்தாக வைத்தால் நமக்கு அது ஏப்ரல் 3. அமெரிக்கருக்கு மார்ச் 4. தேதிக்கு என்றே உள்ள வகையைப் பயன்படுத்தினால் இந்தப் பிரச்னை வராது.

பெயர்: தமிழ்நாட்டுக்காரர்களுக்கு நன்றாகப் பழகிய தலைவலி இது. படிவத்தில் 'குடும்பப் பெயர்' கட்டாயம் என்று இருக்கும். நமக்கு இருப்பதோ இனிஷியல். அப்பா பெயரைப் போடுவதா, இனிஷியலை விரிப்பதா என்று ஒவ்வொரு இடத்திலும் ஒவ்வொரு மாதிரி போட்டு, கடைசியில் ஆதார், பாஸ்போர்ட், பான் கார்டு மூன்றிலும் மூன்று பெயராக நிற்கும். குடும்பப் பெயர் இல்லாதவர்களும் உண்டு என்பதை வடிவமைக்கும்போதே யோசித்து, அந்த நெடுவரிசையைக் கட்டாயமாக்காமல் விட்டிருந்தால் இந்த அலைச்சலில் பாதி குறைந்திருக்கும்.

பெயரைத் தமிழிலேயே பதிவு செய்தால் இன்னொரு சிக்கல் வரும். 'முருகன்' என்ற சொல் நம் கண்ணுக்கு 4 எழுத்து. யூனிகோடு முறையில் உயிர்க்குறியும் புள்ளியும் தனித்தனிக் குறியீடுகள் என்பதால் அது 7 குறியீடு. பரவலாகப் புழங்கும் யுடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றுக்கும் 3 பைட் வேண்டும். ஆக மொத்தம் 21 பைட். ஆங்கிலத்தில் எழுதினால் இதே பெயருக்கு 7 பைட் போதும். ஆரக்கிள் டேட்டாபேஸில் அமைப்பு எதையும் மாற்றாமல் நெடுவரிசைக்கு 20 என்று அளவு கொடுத்தால் அது 20 பைட் என்று தான் அர்த்தம். அதில் முருகனைத் தமிழில் ஏற்ற முடியாது, பிழை வரும். அளவு எழுத்துக் கணக்கிலா, பைட் கணக்கிலா என்பதைப் பார்த்துத் தான் போட வேண்டும்.

எஸ்.க்யூ.எல் எழுதுவது

டேபிள் தயாரானதும் அதிலிருந்து தகவல் எடுக்கும் குவெரிகளை எழுத வேண்டும். 'இந்தப் பயணத்தில், இன்னும் புக் ஆகாத சீட்கள் எவை?' என்பது ஒரு குவெரி. ஒரு டேபிளிலிருந்து எடுப்பது எளிது. நான்கைந்து டேபிள்களை ஜாயின் செய்து, சரியான பதிலை வேகமாகக் கொண்டுவருவதில் தான் திறமை தெரியும்.

அடிக்கடி செய்யும் வேலைகளை டேட்டாபேஸுக்குள்ளேயே சின்ன புரோகிராமாக எழுதி வைப்பதும் உண்டு. இதற்கு ஸ்டோர்டு புரொசீஜர் என்று பெயர். டிக்கெட்டைக் கேன்சல் செய்தால் சீட்டை விடுவிக்க வேண்டும், பிடித்தம் போக மீதிப் பணத்தைக் கணக்கிட வேண்டும், பதிவேட்டில் எழுத வேண்டும். இந்த மூன்றையும் ஒரே புரொசீஜரில் எழுதி வைக்கலாம். இதற்கு ஆரக்கிளில் பி.எல். எஸ்.க்யூ.எல், மைக்ரோசாஃப்டில் டி எஸ்.க்யூ.எல் என்ற மொழிகள் உள்ளன.

ஆப் ஸ்லோவாக இருந்தால் முதலில் கூப்பிடுவது இவரைத் தான்

ஒரு கோடி வரிசைகள் உள்ள டேபிளில் ஒரு செல்போன் எண்ணைத் தேட வேண்டும். எந்த ஏற்பாடும் இல்லை என்றால் டேட்டாபேஸ் முதல் வரிசையிலிருந்து கடைசி வரை பார்த்தாக வேண்டும். அதே எண்கள் வரிசைப்படுத்தி வைக்கப்பட்டிருந்தால், நடுவில் திறந்து பார்த்து, பாதியை ஒதுக்கி, மறுபடி நடுவில் பார்த்து என்று போனால் 24 முறையில் கண்டுபிடித்துவிடலாம். அகராதியில் சொல் தேடுவது போலத் தான். இப்படி வரிசைப்படுத்தி வைப்பது தான் 'இன்டெக்ஸ்'.

அப்படியானால் எல்லா நெடுவரிசைக்கும் இன்டெக்ஸ் போட்டுவிடலாமே? கூடாது. புதிய வரிசை சேரும் ஒவ்வொரு முறையும் எல்லா இன்டெக்ஸையும் புதுப்பிக்க வேண்டும். படிப்பது வேகமாகும், ஆனால் எழுதுவது மெதுவாகும். எதற்குப் போடலாம், எதற்கு வேண்டாம் என்பதை அனுபவத்தாலும், 'எக்ஸிக்யூஷன் பிளான்' எனப்படும் அறிக்கையைப் படித்தும் முடிவு செய்வார்கள். ஒரு குவெரியை டேட்டாபேஸ் எந்த வழியில் போய்ச் செய்கிறது என்று அந்த அறிக்கை காட்டும். இதைப் படிக்கத் தெரிந்தவருக்கு இன்டர்வியூவில் தனி மதிப்பு உண்டு.

பாதியில் நின்றால்? டிரான்ஸாக்‌ஷன் ஏன் முக்கியம்

இப்போது முதலில் சொன்ன கடைசி சீட்டுக்கு வருவோம். 'பயண எண், சீட் எண் இரண்டும் சேர்ந்து ஒரு முறை தான் வரலாம்' என்று டேபிளிலேயே ஒரு நிபந்தனை வைத்துவிட்டால், இரண்டாவதாக வருபவரின் பதிவை டேட்டாபேஸ் ஏற்காது. அது சில மில்லி விநாடி பிந்தி வந்தாலும் சரி, ஒரே நேரத்தில் வந்தாலும் சரி. இதற்கு யுனிக் கன்ஸ்ட்ரெயின்ட் என்று பெயர்.

அடுத்த பிரச்னை, பாதியில் நிற்பது. உங்கள் கணக்கில் 1,000 ரூபாய் கழிக்க வேண்டும், இன்னொருவர் கணக்கில் 1,000 ரூபாய் கூட்ட வேண்டும். கழித்த பிறகு, கூட்டும் முன் கரன்ட் போனால்? இரண்டையும் ஒரே 'டிரான்ஸாக்‌ஷன்' என்று அறிவித்துவிட்டால், நடந்தால் இரண்டும் நடக்கும். இல்லாவிட்டால் இரண்டுமே நடக்காத நிலைக்கு டேட்டாபேஸ் திரும்பிவிடும். இதை அலசி ஆராய்ந்து வகுத்தவர்களில் முக்கியமானவர் ஜிம் கிரே. 1998-ல் டூரிங் விருது பெற்றவர்.

'அப்புறம் ஏன் யுபிஐ-யில் பணம் போய்விட்டது, ஆனால் சேரவில்லை என்று வருகிறது?' என்று நீங்கள் கேட்கலாம். அங்கே அனுப்புபவர் வங்கி, பெறுபவர் வங்கி என இருவருக்கும் தனித்தனி டேட்டாபேஸ்கள். நடுவில் நெட்வொர்க். எல்லாவற்றையும் ஒரே டிரான்ஸாக்‌ஷனில் அடக்க முடியாது. அதனால் நடுவில் அறுந்துபோனவற்றைக் கண்டுபிடித்து, கணக்கை ஒப்பிட்டு, பணத்தைத் திருப்பி அனுப்பும் கோடும் எழுதப்பட வேண்டும். ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் வெளியிட்ட விதிப்படி, ஒருவர் இன்னொருவருக்கு யுபிஐ-யில் அனுப்பிய பணம் கழிக்கப்பட்டு, போய்ச் சேராவிட்டால் மறுநாளுக்குள் திரும்ப வர வேண்டும். தாமதமானால் நாள் ஒன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு. அந்தக் கெடுவைக் காப்பாற்றுவதிலும் டேட்டாபேஸ் டெவலப்பர் எழுதும் கோடுக்குப் பங்கு இருக்கிறது.

பாதுகாப்பு: மறந்தால் மாட்டிக்கொள்வது எல்லோரும்

ஆப்பில் பெயர் கேட்கும் பெட்டியில், பெயருக்குப் பதில் எஸ்.க்யூ.எல் கட்டளையையே தட்டினால் என்ன ஆகும்? கோடு சரியாக எழுதப்படாவிட்டால் டேட்டாபேஸ் அதையும் கட்டளையாக எடுத்துக்கொண்டு, உள்ளே இருப்பதை எல்லாம் கொட்டிவிடும். இதற்கு எஸ்.க்யூ.எல் இன்ஜெக்‌ஷன் என்று பெயர். பழைய தாக்குதல் தான், இன்றும் நடக்கிறது. பயனர் தட்டுவதைக் குவெரியோடு நேரடியாக ஒட்டாமல், பாராமீட்டராகத் தனியே அனுப்பினால் இது நடக்காது.

இதோடு, பாஸ்வேர்டை அப்படியே வைக்காமல் ஹேஷ் செய்து வைப்பது, ஒவ்வொருவருக்கும் தேவையான அனுமதியை மட்டும் கொடுப்பது, டெஸ்ட் செய்வதற்கு உண்மையான வாடிக்கையாளர் தகவலைப் பயன்படுத்தாமல் இருப்பது எல்லாமே இவர் பொறுப்பில் வரும். இந்தியாவின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-ல் நிறைவேற்றப்பட்டது. தகவலைப் பாதுகாக்க முறையான ஏற்பாடு செய்யாத நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க அதில் இடம் இருக்கிறது.

ஒரு தவறான சர்வர், 6 மணி நேரத் தகவல் காலி

உலகம் முழுக்க சாஃப்ட்வேர் டெவலப்பர்கள் பயன்படுத்தும் கிட்லேப் நிறுவனத்தில் 2017 ஜனவரி 31-ம் தேதி நடந்த சம்பவம் இது. இரண்டு டேட்டாபேஸ் சர்வர்களுக்கு இடையே தகவல் நகலாவதில் ஒரு பிரச்னை. அதைச் சரிசெய்ய முயன்ற இன்ஜினீயர், நகல் சர்வரில் இருப்பதை அழிப்பதாக நினைத்து, அசல் சர்வரில் அழிக்கும் கட்டளையைக் கொடுத்துவிட்டார். சட்டென்று நிறுத்தியும், சுமார் 300 ஜிபி-யில் 4.5 ஜிபி தான் மிஞ்சியது.

பேக்கப் இருக்குமே என்று பார்த்தால், வழக்கமான பேக்கப் வெர்ஷன் பொருத்தமின்மையால் சத்தமே இல்லாமல் தோல்வி அடைந்து கொண்டிருந்தது. தோல்வி என்று சொல்ல வேண்டிய இமெயிலும் யாருக்கும் வந்து சேரவில்லை. அதிர்ஷ்டவசமாக, சம்பவத்துக்கு 6 மணி நேரம் முன்பு எடுக்கப்பட்ட ஒரு நகல் கிடைத்தது. இடைப்பட்ட 6 மணி நேரத் தகவல் போனது போனது தான். நிறுவனம் இதை மறைக்காமல், மீட்புப் பணியை யூடியூபில் நேரலையாகவே காட்டியது.

இன்னொன்று பிரிட்டனில் நடந்தது. டிஎஸ்பி வங்கி 2018 ஏப்ரலில் சுமார் 52 லட்சம் வாடிக்கையாளர்களின் தகவல்களைப் புதிய அமைப்புக்கு மாற்றியது. தகவல்கள் ஒழுங்காகத் தான் போய்ச் சேர்ந்தன. ஆனால் புதிய அமைப்பு தடுமாறியது, மக்களால் தங்கள் கணக்கைத் திறக்கவே முடியவில்லை. சேவை முழுமையாகச் சீராக அந்த ஆண்டு டிசம்பர் ஆகிவிட்டது. 2022-ல் அந்த வங்கிக்கு 4.865 கோடி பவுண்டு அபராதம் விதிக்கப்பட்டது.

இந்த இரண்டிலிருந்தும் இந்தத் துறைக்கு வருபவர்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது இரண்டு விஷயம். பேக்கப் எடுத்தால் மட்டும் போதாது, அதிலிருந்து மீட்டுப் பார்த்திருக்க வேண்டும். எந்த மாற்றத்துக்கும் முன்னாடியே, தப்பாகப் போனால் பழைய நிலைக்கு எப்படித் திரும்புவது என்று எழுதி வைத்திருக்க வேண்டும்.

என்னென்ன தெரிந்திருக்க வேண்டும்?

* எஸ்.க்யூ.எல் ஆழமாக: ஜாயின், குரூப் பை, சப் குவெரி, விண்டோ ஃபங்ஷன் வரை. பூஜ்யத்துக்கும், மதிப்பே இல்லாத 'நல்' நிலைக்கும் வித்தியாசம் தெரிய வேண்டும்.
* ஏதாவது ஒரு டேட்டாபேஸில் நல்ல கைப்பழக்கம்: போஸ்ட்கிரெஸ், மை எஸ்.க்யூ.எல், ஆரக்கிள், எஸ்.க்யூ.எல் சர்வர் இவற்றில் ஒன்று. ஒன்றை முழுசாகக் கற்றால் இன்னொன்றுக்கு மாறுவது பெரிய கஷ்டம் இல்லை.
* டேட்டா மாடலிங்: ஒரு தொழிலைப் பற்றிக் கேட்டு, அதை டேபிள்களாக வரையத் தெரிய வேண்டும்.
* இன்டெக்ஸ், எக்ஸிக்யூஷன் பிளான், டிரான்ஸாக்‌ஷன், லாக்.
* ஒரு புரோகிராமிங் மொழி: பைத்தான் அல்லது ஜாவா.
* லினக்ஸ் அடிப்படை, கோடு மாற்றங்களைப் பதிவு செய்யும் கிட்.
* கிளவுட் பற்றிய அறிமுகம், மாங்கோ டிபி போன்ற டேபிள் வடிவில் இல்லாத டேட்டாபேஸ்கள் எங்கே பொருந்தும் என்ற புரிதல்.
* பேச்சும் எழுத்தும்: கணக்குப் பிரிவில் இருப்பவரிடம் கேட்டுப் புரிந்துகொண்டு, செய்த மாற்றத்தை அடுத்தவருக்குப் புரியும்படி எழுதி வைக்கத் தெரிய வேண்டும்.

யார் வரலாம்? எப்படிப் படிப்பது?

பி.இ., பி.டெக்., பி.சி.ஏ., பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தவர்களுக்கு இது பாடத்திட்டத்திலேயே இருக்கும். பி.காம். போன்ற வேறு படிப்பு படித்தவர்கள் வரக் கூடாது என்று எந்தத் தடையும் இல்லை. நிறுவனங்கள் கேட்கும் கல்வித் தகுதியை மட்டும் விளம்பரத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். வங்கி, காப்பீடு, ஆஸ்பத்திரி போன்ற துறைகளின் நடைமுறை தெரிந்தவருக்கு அந்தத் துறை டேட்டாபேஸ் சீக்கிரம் பிடிபடும்.

கற்றுக்கொள்ள லட்சம் ரூபாய் கட்ட வேண்டியதில்லை. போஸ்ட்கிரெஸும் எஸ்.க்யூ.லைட்டும் இலவசம். மை எஸ்.க்யூ.எல்லிலும் இலவசப் பதிப்பு உண்டு. மத்திய அரசின் என்பிடெல் தளத்தில் ஐஐடி சென்னை, ஐஐடி காரக்பூர் பேராசிரியர்கள் நடத்திய டேட்டாபேஸ் பாடங்களைக் கட்டணம் இல்லாமல் பார்க்கலாம். '100 சதவீதம் வேலை உறுதி' என்று சொல்லி முன்கூட்டியே மொத்தப் பணமும் கேட்கும் பயிற்சி மையங்களிடம், அந்த உறுதியை எழுத்தில் கேளுங்கள்.

சர்டிஃபிகேட்டை விட நீங்களே செய்து பார்த்த ஒரு புராஜெக்ட் அதிகம் பேசும். ஊர் நூலகம், பால் சொசைட்டி, உறவினர் நடத்தும் மெடிக்கல் ஷாப் என ஏதாவது ஒன்றை எடுங்கள். அங்கே போய் அரை நாள் உட்கார்ந்து எப்படிக் கணக்கு எழுதுகிறார்கள் என்று பாருங்கள். டேபிள்களை வரையுங்கள். 10 லட்சம் வரிசை போலித் தகவலை ஏற்றி, எந்தக் குவெரி மெதுவாக ஓடுகிறது என்று பார்த்துச் சரிசெய்யுங்கள். இன்டர்வியூவில் இதைப் பற்றிப் பேசினால், கேட்பவருக்கு நீங்கள் வேலை பார்த்திருக்கிறீர்கள் என்பது புரிந்துவிடும்.

இன்டர்வியூவில் புதியவர்களிடம் அடிக்கடி கேட்கப்படும் சில: இரண்டாவது அதிகச் சம்பளம் வாங்குபவரை எப்படி எடுப்பது? ஒரே வரிசை இரண்டு முறை வந்திருந்தால் ஒன்றை மட்டும் எப்படி நீக்குவது? 'வேர்', 'ஹேவிங்' இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? இன்னர் ஜாயினுக்குப் பதில் லெஃப்ட் ஜாயின் எப்போது?

ஏஐ வந்தால் இந்த வேலை போய்விடுமா?

ஏஐ இப்போதே எஸ்.க்யூ.எல் எழுதுகிறது. பெரும்பாலும் நன்றாகவே எழுதுகிறது. ஆனால் பிழை இல்லாமல் ஓடும் குவெரியும் தப்பான பதில் கொடுக்கலாம். ஒரு உதாரணம் பாருங்கள்.

ஒரு முன்பதிவின் மொத்தத் தொகை 4,000 ரூபாய். அதில் 4 பயணிகள். முன்பதிவு டேபிளையும் பயணி டேபிளையும் ஜாயின் செய்தால் அந்த முன்பதிவு 4 வரிசையாக வரும். நான்கிலும் 4,000 என்று இருக்கும். யோசிக்காமல் கூட்டினால் வருமானம் 16,000 ரூபாய். கம்ப்யூட்டர் எந்தப் பிழையும் காட்டாது. முதலாளிக்குப் போகும் ரிப்போர்ட்டில் வருமானம் நான்கு மடங்காக நிற்கும். வரி கட்டும்போது தான் விஷயம் தெரியும்.

இதை ஏஐ எழுதினாலும், மனிதர் எழுதினாலும், பார்த்த உடனே 'இந்த எண் இவ்வளவு பெரிசா இருக்க முடியாதே' என்று நிறுத்தத் தெரிந்த ஆள் வேண்டும். எளிய குவெரி மட்டும் எழுதத் தெரிந்தவர்களுக்குப் போட்டி கூடும். தகவலின் அர்த்தம் புரிந்து சரிபார்க்கத் தெரிந்தவர்களுக்கு வேலை இருக்கும்.

வளர்ச்சி எப்படி?

சில வருட அனுபவத்துக்குப் பிறகு சீனியர் டெவலப்பர், டிபிஏ, டேட்டா இன்ஜினீயர், மொத்தத் தகவல் அமைப்பையும் வடிவமைக்கும் டேட்டா ஆர்கிடெக்ட் எனப் பல பக்கம் போகலாம். ஆனால் ஒன்றைத் தெரிந்துகொண்டு வாருங்கள். பெரிய மாற்றங்களை ஆப்பில் கூட்டம் குறைவாக இருக்கும் இரவு நேரத்திலும் வார விடுமுறையிலும் தான் செய்வார்கள். அந்த நாட்களில் நீங்களும் விழித்திருக்க வேண்டும்.

இந்த வேலை உங்களுக்குப் பொருந்துமா என்று பார்க்க ஒரு சின்னப் பரீட்சை. உங்கள் வீட்டு ஒரு மாத வரவு செலவை டேபிள்களாகப் பிரித்து ஒரு தாளில் வரையுங்கள். கடன் வாங்கியது, பாதி திருப்பிக் கொடுத்தது, இரண்டு பேர் சேர்ந்து கட்டிய கரன்ட் பில் எல்லாம் அதில் வர வேண்டும். ஒரு தகவலும் இரண்டு இடத்தில் இருக்கக் கூடாது. மாதக் கடைசியில் கையில் இருக்கும் காசோடு அது ஒத்துப் போக வேண்டும். ஒத்துப் போகாதபோது எங்கே இடிக்கிறது என்று தேடுவதில் உங்களுக்கு ஆர்வம் வந்தால், இன்றைக்கே போஸ்ட்கிரெஸை இன்ஸ்டால் செய்யலாம்.